கன்னத்துல ஒட்டியிருந்த மாத்திரையும் 612ங்கிற நம்பரும்: ஸ்ட்ரோக் கைட்லைன் எழுதுற டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ட்ரோக் சிகிச்சைக்கு கைட்லைன் எழுதுற, அதுக்கான கமிட்டில உக்கார்ற, தினமும் வார்டுல ரவுண்ட்ஸ் வர்ற எல்லா டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்ல. ஸ்ட்ரோக் வந்த ஒரு அம்மாவோட பையன், அவ்ளோதான். மூணு வருஷமா அவங்க மாத்திரை டப்பாவ நிரப்புறது நான், ஃபைல தூக்கிட்டு அலையறது நான், நீங்க வராண்டால நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போறத வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க யோசிக்கிறதும் நான்தான். அப்படி யோசிச்சு, கைல கிடைச்ச ஆராய்ச்சியெல்லாம் தட்டுத்தடுமாறி படிச்சு, தெரிஞ்ச டாக்டர்கள தொல்ல பண்ணி கேட்டுக் கேட்டு, ஒரு டெஸ்ட்ட வெச்சு "ஆஸ்பிரின் வேலை செய்யல"ன்னு முத்திர குத்துறத பத்தி ஒரு விஷயம் பிடிபட்டுச்சு, அத உங்ககிட்ட சொல்லியே ஆகணும்னுதான் இந்த லெட்டர். கோவம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா சண்ட போட வரல.

மொத ஸ்ட்ரோக் வந்தப்போ அம்மாவுக்கு இடது பக்கம் கை கால் விழுந்துச்சு, வாய் கோணிச்சு. அடைப்புனால வந்ததுதான், ரத்தக்கசிவு இல்லன்னு ஸ்கேன்ல பாத்துட்டு, ரத்தம் கட்டியாகாம தடுக்கிற ஆஸ்பிரின் ஆரம்பிச்சாங்க. பேச்சு சீக்கிரமே தெளிஞ்சிடுச்சு, கால் மூணு மாசத்துல ஓரளவு வந்துச்சு, கை மட்டும் வரவே இல்ல. எட்டாவது மாசம் ஒரு ராத்திரி திரும்பவும் பேச்சு குழறுச்சு, அட்மிட் பண்ணோம். மறுநாள் காலைல ரத்தம் எடுத்தப்போ மத்த டெஸ்டோட சேத்து இன்னொன்னும் எடுத்திருக்காங்க, அது என்னன்னே அப்ப எனக்குத் தெரியாது. சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தாரு. "உங்க அம்மாவுக்கு ஆஸ்பிரின் வேலை செய்யலப்பா, ரெசிஸ்டன்ஸ் இருக்கு"ன்னாரு. பேப்பர்ல 612 ஏஆர்யூன்னு (ஆஸ்பிரினோட தாக்கத்த அளக்குற கணக்கு, நம்பர் ஏறினா தாக்கம் கம்மி) போட்டிருந்துச்சு, பக்கத்துலயே 550க்கு கீழ இருக்கணும்னும் இருந்துச்சு.

அந்த ஒரு வார்த்தை எங்கள என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியணும். எட்டு மாசமா தினமும் என் கையால குடுத்தது வெறும் சுண்ணாம்புத் துண்டுதானான்னு ஆயிடுச்சு. அக்கா போன்ல அழுதா. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா மறுநாள் மாத்திரைய நீட்டினப்போ "இதான் வேலை செய்யாதாமே, அப்புறம் எதுக்கு"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரல்னு ரத்தக்கட்டிய தடுக்கிற இன்னொரு மாத்திரையும் சேத்தாங்க. இத நான் தப்புன்னு சொல்லல, சின்ன ஸ்ட்ரோக் வந்த உடனே கொஞ்ச நாளைக்கு ரெண்டும் சேத்துக் குடுத்தா நல்லதுன்னு சைனால 5,170 பேர வெச்சு நடந்த சான்ஸ்ங்கிற ட்ரையல் (மருந்த ஆளுங்களுக்கு குடுத்து சோதிச்சுப் பாக்கற ஆராய்ச்சி) 2013லயே காட்டியிருக்கு, 90 நாள்ல ஸ்ட்ரோக் 11.7 சதவீதத்துலேர்ந்து 8.2 சதவீதமா கொறஞ்சிருக்கு. ஆனா அதுல ரெண்டும் சேத்துக் குடுத்தது மொத 21 நாளைக்குத்தான். எங்க டிஸ்சார்ஜ் சம்மரில நிறுத்த வேண்டிய தேதியே இல்ல. ஏன் இல்லன்னா, காரணம்னு எழுதியிருந்தது "ஆஸ்பிரின் ரெசிஸ்டன்ஸ்". ரெசிஸ்டன்ஸ்னா அது ஆயுசுக்கும் இருக்கறதுதானே, அப்ப மாத்திரையும் ஆயுசுக்கும்தான்னு நாங்க எடுத்துக்கிட்டோம். ரெண்டயும் வருஷக்கணக்கா சேத்துக் குடுத்தா என்ன ஆகும்னு எஸ்பிஎஸ்3 ட்ரையல் 2012ல சொல்லியிருக்கு: மூளைக்குள்ள இருக்கிற சின்ன ரத்தக்குழாய் அடைச்சு ஸ்ட்ரோக் வந்த 3,020 பேர், ஸ்ட்ரோக் பெருசா கொறயல, பெரிய ரத்தப்போக்கு கிட்டத்தட்ட ரெட்டிப்பு. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சது.

முன்னாடி தெரிஞ்சது என்னன்னா, அஞ்சாவது வாரம் அம்மாவுக்கு மலம் கருப்பா போச்சு. தார் மாதிரி. நின்னா தல சுத்துதுன்னாங்க. திரும்பவும் ஆஸ்பத்திரி, ரத்தம் ஏத்தினாங்க, எண்டோஸ்கோப்பில வயித்துல புண்ணு.

அந்த வார்டுல ஒரு சிஸ்டர். ராத்திரி டூட்டி. மருந்து சார்ட்ட எழுதும்போது, "இந்த ரெண்டத் தவிர வேற என்ன மாத்திரை சாப்பிடுறாங்க? டாக்டர் எழுதினது மட்டும் இல்ல, வீட்ல என்ன குடுத்தாலும் சொல்லுங்க, வலி மாத்திரை, தூக்க மாத்திரை, எல்லாம்"னு கேட்டாங்க. இது என்ன பெரிய கேள்வியா? ஆனா அந்த ஒரு வருஷத்துல அத எங்ககிட்ட கேட்ட மொத ஆள் அந்த சிஸ்டர்தான் டாக்டர்.

ஐபுப்ரோஃபென்ங்கிற வலி மாத்திரை. விழுந்துபோன கையோட தோள்பட்டைல அம்மாவுக்கு உசுரு போற வலி, ஸ்ட்ரோக் வந்தவங்க நெறைய பேருக்கு வர்றதுதான், பிசியோ பண்ண விடாது, ராத்திரி திரும்பிப் படுக்க விடாது. எப்பவோ ஒரு தடவ ஒரு வாரத்துக்குன்னு எழுதிக் குடுத்தாங்க, கேட்டுச்சு, அதனால நாங்களே தொடர்ந்தோம். 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேள. காலைல எழுந்ததும் மொத வேல அதுதான், அது புடிச்சாத்தான் அம்மாவால எழுந்து உக்காரவே முடியும். ஆஸ்பிரின் சாப்பாட்டுக்கு அப்புறம்.

இப்ப இது என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கததான், ஆனா இத கூட இருந்து பாத்துக்கறவங்களும் படிப்பாங்க, அதனால சொல்றேன். நம்ம ரத்தத்துல பிளேட்லெட்னு ரத்தம் உறைய வைக்கிற சின்ன அணுக்கள் இருக்கு, அதுக்குள்ள காக்ஸ்-1னு ஒரு நொதி இருக்கு, அது செய்யற த்ராம்பாக்சேன்ங்கிற சரக்குதான் மத்த பிளேட்லெட்ட எல்லாம் கூப்பிட்டு ஒட்ட வெச்சு ரத்தக்கட்டி உண்டாக்குது. ஆஸ்பிரின் உள்ள போய் அந்த நொதியோட வாசல்ல ஒரு இடத்துல ஒட்டிக்கும், ஒட்டினா ஒட்டினதுதான். பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, புதுசா நொதி செஞ்சுக்க முடியாது, அதனால அந்த பிளேட்லெட் சாகிற வரைக்கும், அதாவது ஒரு வாரம் பத்து நாள், அது முடங்கினதுதான். தினமும் பத்துல ஒரு பங்கு பிளேட்லெட் புதுசா பொறக்கும், அதுங்களுக்காகத்தான் தினமும் ஒரு மாத்திரை. ஆனா ஆஸ்பிரின் ரத்தத்துல ஆஸ்பிரினா இருக்கிறது ரொம்ப கொஞ்ச நேரம், 20 நிமிஷத்துக்குள்ள பாதி போயிடும். ஐபுப்ரோஃபென் என்ன பண்ணுதுன்னா முன்னாடியே போய் பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி அந்த வாசல்ல உக்காந்துக்குது. அது தற்காலிகமா உக்கார்றதுதான், சில மணி நேரத்துல எழுந்து போயிடும். ஆனா அதுக்குள்ள ஆஸ்பிரின் வந்து, நின்னு பாத்து, எறங்கிப் போயிடுது. அப்புறம் சீட்டு காலி, பிளேட்லெட் பழயபடி கட்டி கட்டும். இத 2001லயே ஆள வெச்சு சோதிச்சுப் பாத்து எழுதியிருக்காங்க, ஒரு நாளைக்கு மூணு வேள ஐபுப்ரோஃபென்னா ஆஸ்பிரின முதல்ல குடுத்தாலும் பிரயோஜனம் இல்லன்னும் அதுலயே இருக்கு, அதே ஆராய்ச்சில பாரசிட்டமால் இந்த வேலைய பண்ணலன்னும் இருக்கு. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006ல எச்சரிக்கையே குடுத்துச்சு: எப்பவாவது ஒரு வேள ஐபுப்ரோஃபென் வேணும்னா பூச்சு போடாத சாதா ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழிச்சு போடுங்க, இல்ல ஆஸ்பிரினுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல முன்னாடியே போட்டிருக்கணும்னு.

அது மட்டுமில்ல, வயித்துல புண்ணு வந்ததுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், ஐபுப்ரோஃபென் இந்த மூணும் சேந்ததுதான் காரணம்னு எண்டோஸ்கோப்பி பண்ண டாக்டரே சொன்னாரு.

இன்னொன்னும் இருக்கு, இத எழுதவே கொஞ்சம் கூச்சமா இருக்கு. அதே அட்மிஷன்ல முழுங்கறத சோதிக்க ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தாங்க. காலைல பத்தரை மணி. அம்மாவ நல்லா வாயத் தொறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சு, ஒரு மரக்குச்சியால இடது கன்னத்த மெல்ல வெளிப்பக்கம் தள்ளினாங்க. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவுல ஒரு மாத்திரை. மேல் பூச்சு கொஞ்சம் ஊறி, ஓரம் நொறுங்கி, அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. எட்டு மணிக்கு குடுத்தது. அம்மாவுக்கு அது அங்க இருக்கறதே தெரியல, அந்தப் பக்கம் உணர்ச்சி கம்மி. பாத்த உடனே எனக்கு ஞாபகம் வந்தது, வீட்ல பல்லு தேச்சு விடும்போது எத்தனையோ நாள் பிரஷ்ல வெள்ளையா மாவு மாதிரி வந்திருக்கு, பேஸ்ட்டுன்னு நெனச்சுட்டேன். நான்தான் மாத்திரை குடுத்தேன், நான்தான் தண்ணி குடுத்தேன், "முழுங்கிட்டீங்களா"ன்னு கேட்டா தலைய ஆட்டுவாங்க.

ஐபுப்ரோஃபென நிறுத்தி, மாத்திரை தொண்டைக்கு உள்ள போச்சான்னு பாத்துப் பாத்து குடுத்து, புண்ணு ஆறினப்புறம் ஆஸ்பிரின மட்டும் வயித்து மாத்திரையோட திரும்ப ஆரம்பிச்சு ரெண்டு வாரம் கழிச்சு அதே டெஸ்ட்ட நாங்களே கேட்டு எடுத்தோம். 428. அதே அம்மா, அதே 75 மில்லிகிராம். அந்த ரெசிஸ்டன்ஸ் எங்க போச்சு டாக்டர்?

ரெண்டாவது ஸ்ட்ரோக்குக்கு ஐபுப்ரோஃபென் காரணமா, கன்னத்துல நின்ன மாத்திரை காரணமா, இல்ல ரெண்டும் இல்லாம அது எப்படியும் வந்திருக்குமா, இத யாராலயும் சொல்ல முடியாதுன்னு இப்ப எனக்குப் புரியுது. என் புகார் அந்த "வேலை செய்யல"ங்கிற வார்த்தை மேலதான்.

ஏன்னா அந்த வார்த்தைக்குள்ள மூணு தனித்தனி கேள்வி இருக்கு. மருந்து ரத்தத்துக்குள்ள போச்சாங்கிறது ஒண்ணு. போன மருந்து பிளேட்லெட்ட முடக்குச்சாங்கிறது இன்னொண்ணு. அதனால ஸ்ட்ரோக் வராம இருந்துச்சாங்கிறது மூணாவது. உங்க டெஸ்ட் சொல்றது முதல் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ, அதுவும் ரெண்டயும் பிரிச்சுச் சொல்லாது. மூணாவது கேள்விக்கு ஒத்த ஆளோட ரத்தத்துல பதிலே கிடையாது, அது ஆயிரக்கணக்கான பேர ரெண்டு கூட்டமா பிரிச்சு எண்ணிப் பாத்தாத்தான் தெரியும். அப்படி எண்ணியும் இருக்கீங்க, அதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். 1978ல கனடால 585 பேர வெச்சு நடந்ததுலேர்ந்து, 1997ல ஒரே வருஷத்துல வந்த ரெண்டு பெரிய ட்ரையல் வரைக்கும்: ஐஎஸ்டிங்கிற ட்ரையல்ல 19,435 பேர், சைனால நடந்த காஸ்ட்ங்கிற ட்ரையல்ல 21,106 பேர். ரெண்டயும் சேத்துப் பாத்தா, ஸ்ட்ரோக் வந்த உடனே ஆஸ்பிரின் குடுத்தா 1000 பேர்ல சுமார் 9 பேரு சாவுலேர்ந்தோ இன்னொரு ஸ்ட்ரோக்லேர்ந்தோ முதல் சில வாரத்துல தப்பிக்கிறாங்க. 9 பேருதானான்னு தோணும், ஆனா அத கண்டுபிடிக்க 40,000 பேரு தேவப்பட்டாங்க, அது எவ்ளோ நேர்மையான வேலைன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது.

நீண்ட நாள் கணக்கும் இருக்கு. ஏற்கெனவே ஸ்ட்ரோக்கோ ஹார்ட் அட்டாக்கோ வந்தவங்கள வெச்சு நடந்த 16 ட்ரையல மொத்தமா கூட்டி 2009ல போட்ட கணக்கு: ஆஸ்பிரின் இல்லாதவங்கள்ல வருஷத்துக்கு 100க்கு 8.2 பேருக்கு ஹார்ட் அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ ரத்தக்குழாய் கோளாறுனால சாவோ வந்திருக்கு, ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கள்ல 6.7. இத நான் 1000 பேருன்னு வெச்சு அக்காவுக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினேன். 82 பேருக்கு வரவேண்டியது 67 பேருக்கு வருது. 15 பேரு தப்பிச்சாங்க, சரி. அந்த 67 பேரு? அவங்களும் ஒழுங்கா ஆஸ்பிரின் சாப்பிட்டவங்கதானே, அவங்க எல்லாருக்கும் ரெசிஸ்டன்ஸா? இல்லவே இல்ல. நல்லா வேலை செய்யற ஆஸ்பிரினே அவ்ளோதான் பண்ணும். ஆஸ்பிரின் சாப்பிடும்போதே ஸ்ட்ரோக் வந்துச்சுன்னா ஆஸ்பிரின் தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லைங்கிற இந்த சின்ன கணக்க எங்களுக்கு யாராச்சும் அன்னைக்கு வராண்டால சொல்லியிருந்தா, அம்மாவோட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருப்பேன்.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். இங்கதான் எனக்கு நெஜமாவே தல சுத்துச்சு. ஆஸ்பிரின் வேலை செய்யுதான்னு பாக்க ஒரு டெஸ்ட் இல்ல, ஏகப்பட்டது இருக்கு. 2007ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஆஸ்பிரின் சாப்பிடுற 201 இதய நோயாளிங்க, அதே ஆளுங்களுக்கு ஆறு டெஸ்ட்ட எடுத்துப் பாத்தாங்க. பிளேட்லெட் கலவைக்குள்ள வெளிச்சம் விட்டு, பிளேட்லெட்ட ஒட்டத் தூண்டுற அராக்கிடோனிக் ஆசிட் ஊத்திப் பாக்குற பழய முறைல 4 சதவீதம் பேருக்குத்தான் ரெசிஸ்டன்ஸ். எங்க அம்மாவுக்கு எடுத்த வெரிஃபைநவ்ல 6.7. சிறுநீர்ல த்ராம்பாக்சேன் கழிவு பாத்தா 22.9. பிஎஃப்ஏ-100னு ஒரு மிஷின்ல 59.5! ஒரே கூட்டம், ஒரே மருந்து, மிஷின் மாறினா 100க்கு 4 பேரு 60 பேரா ஆகுறாங்க. அதுலயும் ஒரு டெஸ்ட்ல மாட்டினவரு இன்னொண்ணுல மாட்டுவாருன்னு இல்ல, ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகல. நான் வேல பாக்குற எடத்துல ரெண்டு தராசு இப்படி மாத்தி மாத்தி காட்டினா ரெண்டயும் தூக்கி ஓரமா வெச்சுட்டுத்தான் மறுவேல.

டெஸ்ட்ல கெட்ட ரிசல்ட் வந்தவங்களுக்கு பின்னாடி ஆபத்து அதிகம்னு ஆராய்ச்சி இல்லயான்னு கேப்பீங்க. இருக்கு, படிச்சேன். 1993ல ஸ்ட்ரோக் வந்த 180 பேர வெச்சு ஒண்ணு. அப்புறம் 2008ல 20 ஆராய்ச்சிய, மொத்தம் 2,930 பேர, சேத்துப் பாத்ததுல 28 சதவீதம் பேரு ரெசிஸ்டன்ட், அவங்களுக்கு பாதிப்பு வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு. பயமாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, மாத்திரைய ஒழுங்கா போடாத ஆளு, முழுங்க முடியாத ஆளு, வலில துடிச்சு ஐபுப்ரோஃபென் போடுற ஆளு, சக்கரை கட்டுக்கடங்காத ஆளு, இவங்க எல்லாருமே இந்த "ரெசிஸ்டன்ட்" கூட்டத்துக்குள்ளதான் வந்து விழுவாங்க. அவங்களுக்கு ஸ்ட்ரோக் அதிகமா வர்றதுக்கு ஆஸ்பிரின் பிடிக்காத ஒடம்புன்னு ஒண்ணு தேவையே இல்ல. அப்படி ஒரு ஒடம்பு இருக்கான்னு தேடிப் பாத்தவங்களும் இருக்காங்க, 2013ல ஆரோக்கியமான 400 பேர வெச்சு. பூச்சு போட்ட ஆஸ்பிரின ஒரு தடவ குடுத்தப்போ கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு நேரத்துக்கு வேலை செய்யாத மாதிரி காட்டியிருக்கு, திரும்பத் திரும்ப குடுத்து சரியா சோதிச்சப்போ உண்மையான ரெசிஸ்டன்ஸ் ஒருத்தருக்குக் கூட இல்ல. பூச்சு கரைஞ்சு மருந்து உள்ள போக லேட்டாகுது, அவ்ளோதான். போலி ரெசிஸ்டன்ஸ்னே அதுக்குப் பேரு வெச்சாங்க.

அடுத்து, டெஸ்ட் பாத்து மருந்த மாத்தினா நல்லதுன்னு யாராச்சும் நிரூபிச்சிருக்காங்களா? இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்ச 2,440 பேர வெச்சு ஆர்க்டிக்னு ஒரு ட்ரையல், 2012. பாதிப் பேருக்கு டெஸ்ட் பாத்து மருந்த கூட்டிக் கொறச்சாங்க, மீதிப் பேருக்கு வழக்கமா குடுக்கறத குடுத்தாங்க. ஒரு வருஷத்துல டெஸ்ட் பாத்த கூட்டத்துல 34.6 சதவீதம் பேருக்கு பாதிப்பு, பாக்காதவங்கள்ல 31.1. டெஸ்ட்னால ஒரு லாபமும் இல்ல. அது ஹார்ட், நாங்க ஸ்ட்ரோக். மூளைல ரத்தம் கசிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு சொல்லணுமா, மருந்த கூட்டும்போது எங்க பக்கம் ஆபத்து இன்னும் பெருசு. ரத்தம் உறையறத ஆராயற சர்வதேச த்ராம்போசிஸ் ஹீமோஸ்டேசிஸ் சங்கத்தோட குழு ஒண்ணு 2005லயே ஆராய்ச்சிக்குத் தவிர மத்தபடி நோயாளிங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்கறது இப்போதைக்கு சரியில்லன்னு எழுதி வெச்சிருக்கு. அப்ப எங்க அம்மா எந்த ஆராய்ச்சில இருந்தாங்க? கையெழுத்து எதுவும் வாங்கலையே.

இப்ப கேக்க வேண்டியத கேட்டுடறேன்.

டெஸ்ட்ட ஒழிங்கன்னு சொல்லல. எங்களுக்கே ரெண்டாவது தடவ அது உதவுச்சு, மருந்து உள்ள போகுதுன்னு நிம்மதியாச்சு, அதுக்குன்னு எடுத்தா அது நல்ல டெஸ்ட்தான். ஆனா ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஃபார்ம்லயே நாலு கேள்விய அச்சடிச்சு வைங்க: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, முழுங்கினத யாரு கண்ணால பாத்தாங்க, பூச்சு போட்டதா சாதாவா, கடைசி வலி மாத்திரை என்ன எப்ப. அதுக்கு பதில் இல்லாம ரிசல்ட் குடுக்கக்கூடாதுன்னு லேபுக்கு சொல்லுங்க. கடைசி கேள்வி ரெண்டு பக்கமும் வெட்டும், அதயும் கவனிங்க, ஐபுப்ரோஃபென் போட்டு ஒரு மணி நேரத்துல ரத்தம் எடுத்தா அதுவே நொதிய அடச்சுக்கிட்டு இருக்கும், ரிசல்ட் அருமையா வரும், சாயங்காலம் ரத்தம் பழயபடி உறையும். எங்களுக்கு 612 வந்ததே அம்மா ராத்திரிலேர்ந்து வலி மாத்திரை போடாததுனாலதான் போல. வழக்கம்போல போட்டிருந்தா நல்ல நம்பரா வந்து, எல்லாரும் சந்தோஷமா வீட்டுக்கு வந்து அதே தப்ப தொடர்ந்திருப்போம்!

ரிப்போர்ட்ல "ரெசிஸ்டன்ட்"னு எழுதாதீங்க. "ரத்தம் எடுத்த நேரத்துல ஆஸ்பிரினோட தாக்கம் தெரியல"ன்னு எழுதுங்க, அதான் உண்மை. முதல்ல எழுதினதுல குத்தம் அம்மாவோட ஒடம்பு மேல விழுது, ரெண்டாவதப் படிச்சா ஏன் தெரியலன்னு தேடத் தோணும். அதே மாதிரி டெஸ்ட் பாத்து ரெண்டாவது மருந்து சேத்தீங்கன்னா நிறுத்த வேண்டிய தேதிய போடுங்க, தேதி போட முடியலன்னா சேக்கறதுக்கு காரணம் போதலன்னு அர்த்தம்.

ஆஸ்பிரின் சாப்பிடும்போதே ஸ்ட்ரோக் வந்தா பிளேட்லெட்டத் தோண்டறதுக்கு முன்னாடி அந்தக் கட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டுங்க. கழுத்து ரத்தக்குழாய்லயா, இதயத்துலயா? இதயம் தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னால இதயத்துல கட்டி உண்டாகி வர்ற ஸ்ட்ரோக்குன்னா ஆஸ்பிரின் எவ்ளோ நல்லா வேலை செஞ்சாலும் அது பத்தாது, அதுக்கு ரத்தம் உறையறத வேற வழில தடுக்கிற ஆன்ட்டிகோயாகுலன்ட் மருந்துதான். காரணம் தெரியாத ஸ்ட்ரோக் வந்த 441 பேர்ல பாதிப் பேருக்கு தோலுக்கடில சின்ன மானிட்டர் வெச்சுப் பாத்தப்போ ஆறு மாசத்துல 8.9 சதவீதம் பேருக்கு அந்த துடிப்புக் கோளாறு மாட்டியிருக்கு, வழக்கமா பாத்தவங்கள்ல 1.4தான், இது 2014ல வந்த கிரிஸ்டல் ஏஎஃப்ங்கிற ட்ரையல். எங்க அம்மாவுக்கு ரெண்டாவது ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ஒரே ஒரு ஈசிஜி, அதோட சரி. பிளேட்லெட் டெஸ்ட்டுக்கு மட்டும் அவசரம்.

கடைசியா, இது கைட்லைன் எழுதறவங்களுக்கு. இந்த டெஸ்ட் பாத்து மருந்து மாத்தினா ஸ்ட்ரோக் கொறயுமாங்கிற கேள்விய ஸ்ட்ரோக் வந்தவங்கள வெச்சே கேளுங்க, சீட்டுக் குலுக்கிப் போட்டு ரெண்டு கூட்டமா பிரிச்சு. எண்ண வேண்டியது நம்பர் 550க்கு கீழ வந்துச்சாங்கிறத இல்ல, எத்தனை பேருக்கு திரும்ப ஸ்ட்ரோக் வந்துச்சு, எத்தனை பேருக்கு ரத்தம் போச்சு, எத்தனை பேரு தன் காலால பாத்ரூம் போறாங்கங்கிறத. டெஸ்ட்ல கெட்ட ரிசல்ட் வந்தா உடனே மருந்த மாத்தாம, முதல்ல கண் முன்னாடி ஒரு வாரம் முழுங்க வெச்சு திரும்ப டெஸ்ட் எடுத்து, அப்பவும் மாறலன்னா மட்டும் ட்ரையலுக்குள்ள எடுங்க. எத்தனை பேரு மிஞ்சுவாங்கன்னு பாத்துடலாம், எனக்கென்னவோ ட்ரையலுக்கு ஆள் கிடைக்கவே கஷ்டப்படுவீங்கன்னு தோணுது. முக்கியமா, முழுங்க முடியாதவங்க, கேட்டா பதில் சொல்ல முடியாதவங்க, இவங்கள வெளில நிறுத்திட்டு ட்ரையல் நடத்தாதீங்க. நல்லா பேசி நல்லா முழுங்கறவங்கள வெச்சு வர்ற ரிசல்ட்ட எங்க அம்மா மேல போடுவீங்க, அது அவங்களுக்குப் பொருந்தாது.

இத படிக்கிற மத்த குடும்பங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை, இத நம்பி ஆஸ்பிரின நீங்களா நிறுத்திடாதீங்க, கூட்டிடவும் செய்யாதீங்க. வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையயும் ஒரு கவர்ல போட்டு டாக்டர் டேபிள்ல கொட்டுங்க, அது போதும்.

அம்மா இப்ப பரவால்ல. தோள்பட்டைக்கு பாரசிட்டமாலும் பிசியோவும்தான், வலி முழுசா போகல, ஆனா தாங்கிக்கறாங்க. காலைல மாத்திரை குடுத்துட்டு செல்போன் டார்ச்ச ஆன் பண்ணா, நான் கேக்காமயே வாயத் தொறந்து நாக்கால இடது கன்னத்த ஒரு சுத்து துழாவிக் காட்டுவாங்க, அப்புறம் "போதுமா போலீஸ்கார்"ம்பாங்க. அந்த 612 ரிப்போர்ட் இன்னும் ஃபைல்ல முதல் பக்கத்துலயே இருக்கு. ஒவ்வொரு புது டாக்டரும் அதத்தான் முதல்ல பாக்கறாங்க, பாத்துட்டு "ஓ, ஆஸ்பிரின் ரெசிஸ்டன்டா"ன்னு ஆரம்பிக்கிறாங்க, நான் 428ஐ எடுத்து நீட்டி திரும்ப மொதல்லேர்ந்து கதைய சொல்றேன். போன வாரம் சொன்னது ஏழாவது தடவ.

இப்படிக்கு,
மாத்திரை டப்பா நிரப்புற ஒரு மகன்